பைஞ்சுதைச் சாந்தும் வேதிச் சேர்பொருள்களும்

பைஞ்சுதையும் மணலும் நீரும் தக்க அளவிற் கூடிக் குழைந்த கலவை சாந்து எனப்படும். சிமெண்ட் என்று கடைத்தெருவில் வழங்கும் பொருளையே இக்கட்டுரை பைஞ்சுதை என்று குறிக்கிறது. செங்கல்லோடு செங்கல்லைப் பிணைத்தலும், சுவருக்கு மேற்பூச்சாதலும், தரையிலும் சுவரிலும் ஓடுகளைத் தாங்கி நிற்றலும் சாந்தின் தொழில்கள். சல்லியும் உடன் சேருமாயின் அது கற்காரை. இம்மூன்று உறுப்புகளுக்கும் அப்பால், கலக்கும்போதோ அதற்குச் சற்று முன்போ பின்போ, பைஞ்சுதையின் எடையில் 5 விழுக்காட்டுக்கு மேற்படாமல் இடப்பெற்று, சாந்தின் பண்புகளுள் ஒன்றையோ பலவற்றையோ வேண்டியவாறு மாற்றும் பொருள் வேதிச் சேர்பொருள் எனப்படும். அனல்மின் நிலையச் சாம்பலும் இரும்பு உலைக் கசடும் பைஞ்சுதையின் ஒரு பகுதிக்கு மாற்றாக நிற்பவை. அவை அளவாலும் செயலாலும் வேறோர் இனம். இங்கு அவற்றை விரித்துரைக்கவில்லை.

சாந்தின் பண்புகள் இரு பருவங்களில் வைத்து எண்ணத் தக்கவை. பச்சைச் சாந்தின் பண்புகளாவன குழைவும், நீர்ப்பிடிப்பும், இறுகத் தொடங்கும் நேரமும்; இறுகிய சாந்தின் பண்புகளாவன அமுக்க வலிமையும், ஒட்டு வலிமையும், சுருக்கமும், நீர்புகாமையும், நெடுநாள் உழைப்பும். முன்னவை கொத்தனாரின் கரண்டிக்குத் தெரிபவை. பின்னவை வீட்டில் வாழ்வோருக்குத் தெரிபவை. பச்சைப் பருவத்தில் கொத்தனாருக்கு எளிமை தருவதெல்லாம் பிற்பருவத்தில் வீட்டுக்கு நலந்தருவதில்லை என்பதே கட்டிடத்தொழிலின் பழைய இடர். கரண்டிக்கு இணக்கமாக ஒரு குவளை நீரைக் கூட்டி ஊற்றினால் கலவை குழையும்; ஆனால் அந்நீர் பின்னர் ஆவியாகி வெளியேறி, தான் இருந்த இடத்தை வெற்றிடத் துளைகளாக விட்டுச் செல்லும். இவ்விரு பருவங்களின் பிணக்கைத் தீர்ப்பதற்கென்றே சேர்பொருள்கள் பெரும்பாலும் தோன்றின.

அவற்றின் செயலை அறியப் பைஞ்சுதையின் இயல்பை முதலில் அறிதல் வேண்டும். இங்கிலாந்தின் லீட்சு நகரைச் சேர்ந்த கொத்தர் யோசேப்பு ஆசுப்டின் 1824-இல் ‘போர்ட்லாந்து சிமெண்ட்’ என்ற பெயரால் காப்புரிமை பெற்றார். இன்றைய பைஞ்சுதை அப்பெயரைத் தாங்கினாலும், சுழலுலையில் ஏறத்தாழ 1450 பாகை செல்சியசு வெப்பத்தில் பாதி உருகும் நிலைவரை சுடப்படுவதால் அவருடைய பொருளினும் வேறுபட்டது. சுண்ணாம்புக் கல்லும் களிமண்ணும் அவ்வெப்பத்தில் கூடி நான்கு சேர்மங்களாகின்றன. அவற்றுள் பேரளவினது முச்சுண்ணச் சிலிக்கேட்டு. எடையில் பாதிக்கு மேற்பட்டது, முதல் மாதத்து வலிமையைப் பெரிதும் தருவது. இருசுண்ணச் சிலிக்கேட்டு மெல்ல வினையாற்றிப் பின்னாளில் வலிமை சேர்ப்பது. முச்சுண்ண அலுமினேட்டு அளவிற் சிறியது. ஆனால் நீரைக் கண்டவுடன் பொங்கி வினைபுரிவது. நான்காவதாகிய இரும்பு அலுமினேட்டு பைஞ்சுதைக்கு அதன் சாம்பல் நிறத்தைத் தருவது.

மூன்றாவதின் பொங்குதலை அடக்காவிடின் கலவை சட்டியிலேயே சில நிமிடங்களிற் கல்லாகிவிடும். ஆகவே ஆலையில் அரைக்கும்போதே 3 முதல் 5 விழுக்காடு உறைகளிக்கல், அதாவது ஜிப்சம், உடன் சேர்க்கப்படுகிறது. அது கரைந்து தரும் சல்பேட்டு, அலுமினேட்டோடு கூடி அதன் விரைவைத் தணிக்கிறது. சேர்பொருள் வேண்டாம் என்று சொல்வோர் வாங்கும் மூட்டையிலும் ஒரு சேர்பொருளின் தொழில் இவ்வாறு முன்னமே நடந்து முடிந்திருக்கிறது.

நீர் சேர்ந்தபின் நிகழ்வது நீரேற்றம். முதற் சில நிமிடங்களில் பருக்கைகளின் மேற்பரப்பு கரைந்து வெப்பம் எழும். பிறகு ஓர் உறக்க நிலை வரும். சில மணி நேரம் கலவை குழைவாகவே இருக்கும். அதன்பின் வினை மீண்டும் முடுகி, நீரேறிய சிலிக்கேட்டுக் கூழ் பருக்கையினின்று பருக்கைக்குப் படர்ந்து பிணைக்கும். உடன்விளைவாகச் சுண்ணாம்பு நீரகம் தகடு தகடாகப் படிகமுறும். உறக்க நிலை இல்லையேல் பூச்சுவேலையே இல்லை. சுமந்து செல்லவும், விரிக்கவும், மட்டம் பார்க்கவும், மணியாசுக் கட்டையால் தேய்க்கவும் நமக்குக் கிடைக்கும் நேரமெல்லாம் அது தரும் நேரமே. இவ்வினை முழுமையாக முடிய, பைஞ்சுதையின் எடையில் ஏறத்தாழ 23 விழுக்காடு நீர் வேதிமுறையாற் பிணைக்கப்படும். மேலும் ஏறத்தாழ 19 விழுக்காடு கூழின் நுண்ணிடைவெளிகளில் அடைபடும். ஆக 0.42 என்னும் நீர்–பைஞ்சுதைத் தகவே வினைக்குப் போதுமானது. ஆனால் கட்டுமிடத்தில் குழைவுக்காக ஊற்றப்படும் நீர் 0.6-ஐக் கடக்கும், மணல் மிகுந்த கலவைகளில் 1-ஐயும் நெருங்கும். அந்த மிகைநீரே நுண்புழைகளின் தாய். இத்தகவு ஏற ஏற வலிமை இறங்கும் என்னும் நெறியை அமெரிக்காவின் டஃப் ஏபிராம்சு 1918-இல் நிறுவினார்.

மூட்டைக்கு 100 கிராம் அளவேயான ஒரு பொருள் 50 கிலோப் பைஞ்சுதையை ஆளுவது எங்ஙனம் என்னும் வினா இங்கு எழுகிறது. விடை பரப்பில் இருக்கிறது. ஒரு கிலோப் பைஞ்சுதையின் பருக்கைகளது மேற்பரப்பை எல்லாம் விரித்து அளந்தால் ஏறத்தாழ 300 சதுர மீட்டராகும்; ஒரு மூட்டைக்கு 15,000 சதுர மீட்டர், அஃதாவது மூன்றே முக்கால் ஏக்கருக்குச் சற்றுக் குறைவு. அந்த 100 கிராம் இவ்வளவு பரப்பிலும் சீராகப் படியுமாயின் சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 7 மில்லிகிராம் வரும். மூலக்கூறு பருமனிலான ஒரு போர்வைக்கு இதுவே மிகுதி. நீரேற்றம் பருக்கையின் உள்ளிருந்து தொடங்குவதில்லை. நீரும் பருக்கையும் சந்திக்கும் எல்லையில் தொடங்குகிறது. எனவே எல்லையைக் கைக்கொண்ட பொருள் முழுமையையும் கைக்கொள்கிறது.

சேர்பொருள்களைப் பயன் நோக்கி வகைப்படுத்தலே வழக்கம்: விரைவாக்குவன, சுணங்கச் செய்வன, நீர் குறைப்பன என்றாற்போல. அது விற்போர்க்கும் வாங்குவோர்க்கும் ஏற்றது. செயல் நோக்கி வகைப்படுத்துவதே அறிவுக்கு ஏற்றது என்பது என் துணிபு. அவ்வாறு நோக்கின் சாந்தினுள் நான்கு எல்லைப்பரப்புகள் உள்ளன. பருக்கையும் நீரும் தொடும் எல்லை ஒன்று. நீரும் காற்றும் தொடும் எல்லை மற்றொன்று. இறுகிய பின் துளைச்சுவரும் துளைநீரும் தொடும் எல்லை மூன்றாவது. சாந்தும் அது பற்றியிருக்கும் செங்கல்லும் தொடும் எல்லை நான்காவது. கடையில் நூறு பெயர்களில் விற்கப்படும் நீர்மங்களும் பொடிகளும் பெரும்பாலும் இந்நான்கினுள் அடங்கும்.

முதல் எல்லையே வளம் மிக்கது. பைஞ்சுதைப் பருக்கைகள் நீரில் தனித்தனியே மிதப்பதில்லை. அவற்றின் மேற்பரப்பில் எதிரெதிர் மின்னூட்டமுடைய இடங்கள் இருப்பதால் ஒன்றையொன்று பற்றித் திரளும். கேழ்வரகு மாவைக் கொதிநீரில் கொட்டினால் கட்டி தட்டுவதைப் போன்றதே இத்திரட்சி. திரளின் நடுவே நீர் சிறைப்படும். சிறைப்பட்ட நீர் குழைவுக்கு உதவாது. குழைவூக்கி எனப்படும் நீர்க்குறைப்பி அத்திரளைக் கலைத்துச் சிறைநீரை விடுவிக்கிறது. புதிதாக நீர் ஊற்றாமலே கலவை தளர்வது இதனால்தான்.

முதலில் பரவலாகப் பயன்பட்ட குழைவூக்கி லிக்னோசல்போனேட்டு. மரத்தின் நார்களை ஒட்டவைக்கும் லிக்னின், தாள் ஆலையில் மரக்கூழ் வேகும்போது கழிவுநீரோடு வெளியேறுகிறது. 1930களில் அமெரிக்காவில் அது பைஞ்சுதைக்குத் துணையாயிற்று. எடையில் 0.1 முதல் 0.3 விழுக்காடு இடின் நீர்த்தேவை 5 முதல் 10 விழுக்காடு வரை குறையும். அதன் மூலக்கூறு பருக்கையின் மேற்பரப்பிற் படிந்து, எல்லாப் பருக்கைகளுக்கும் எதிர்மின்னூட்டத்தையே தருகிறது. ஒத்த மின்னூட்டங்கள் விலக்கும் ஆகையால் பருக்கைகள் பிரிகின்றன. ஆயினும் அதில் மரத்தின் சருக்கரை எச்சம் கலந்திருப்பதால் இறுகல் சுணங்கும். நுரை எழுப்பும் இயல்பால் காற்றும் சிறிது புகும். ஆகவே அளவைக் கூட்டிப் பயனைக் கூட்ட இயலாது.

இத்தடையைக் கடந்தது சப்பான். காவோ சவர்க்கார நிறுவனத்தைச் சேர்ந்த கெனிச்சி அத்தோரி 1960களில் நாப்தலீன் சல்போனேட்டுத் தொடர்மூலக்கூறுகளைப் பயன்படுத்தி மீக்குழைவூக்கியை உருவாக்கினார். அதே பத்தாண்டில் செருமனியில் மெலமீன் சார்ந்த மற்றொன்று தோன்றியது. சருக்கரை எச்சம் அற்றவையாதலின் இவற்றை மிகுதியாக இடலாம். நீரில் 15 முதல் 25 விழுக்காடு வரை குறைக்கலாம். 1980களில், மீண்டும் சப்பானில், பாலிகார்பாக்சிலேட்டு ஈதர் வந்தது. இதன் மூலக்கூறு சீப்பு வடிவினது: தண்டு பருக்கையிற் பற்றும், பற்கள் நீருக்குள் நீளும். இரு பருக்கைகள் நெருங்கும்போது பற்களோடு பற்கள் முட்டி, உள்நுழைய இடமின்றி விலகும். முன்னவை மின்விலக்கத்தாற் பிரித்தன. இது இடவிலக்கத்தாற் பிரிக்கிறது. நீர்க்குறைப்பு 40 விழுக்காடு வரை எட்டுவதும், குழைவு நெடுநேரம் நீடிப்பதும் இவ்வடிவத்தின் பயன். தண்டின் நீளத்தையும் பற்களின் அடர்த்தியையும் மாற்றி, வேண்டிய பண்புக்கு ஏற்ப மூலக்கூற்றையே வரைந்தெடுக்கும் நிலைக்கு வேதியியல் இங்கு உயர்ந்துவிட்டது.

நீர்க்குறைப்பியை மூவகையில் ஆளலாம். நீரைக் குறைக்காமல் இட்டால் குழைவு மிகும். நீரைக் குறைத்து இட்டால் குழைவு மாறாமல் வலிமை மிகும். நீரையும் பைஞ்சுதையையும் ஒரே தகவிற் குறைத்தால் குழைவும் வலிமையும் மாறாமல் செலவும் சுருக்கமும் குறையும். கட்டுமிடத்தில் நிகழ்வது பெரும்பாலும் முதல்வகையே. அதனோடு பழக்கத்தால் நீரையும் வழக்கம்போல் ஊற்றிவிடுகின்றனர். கலவை சாரத்தில் நில்லாமல் வழிகிறது, மேலே நீர் கசிந்து மிதக்கிறது, கீழே மணல் தனித்துப் படிகிறது. குறை மருந்தினது அன்று.

இன்னொரு நுட்பம் தமிழ்நாட்டுக்கு இன்று நேரடியாக உரியது. ஆற்றுமணல் அருகிவிட்டதால் எம்-சாண்ட் எனப்படும் செயற்கை மணலே நம் கட்டிடங்களிற் பெரிதும் புழங்குகிறது. கழுவப்படாத அம்மணலில் களிமண் கலந்திருக்குமாயின், சில களிமண் இனங்களின் அடுக்குகளுக்கிடையே பாலிகார்பாக்சிலேட்டின் பற்கள் நுழைந்து அடைபட்டுவிடும். பருக்கைக்கென்று ஊற்றியதைக் களிமண் குடித்துவிடுகிறது, குழைவு எழாது. மருந்தை மாற்றுவதற்கு முன் மணலைக் கழுவுதலே இதற்குத் தீர்வு.

அதே முதல் எல்லையில் எதிர்த்திசையில் தொழிற்படுவன சுணக்கியும் முடுக்கியும். சுணக்கி உறக்க நிலையை நீட்டுவது. குளுக்கோனேட்டு, சிட்ரிக் காடி, டார்டாரிக் காடி, போராக்சு முதலியன இவ்வினத்தவை. யாவற்றினும் எளிதிற் கிடைப்பதும் வலியதும் சருக்கரை. 50 கிலோ மூட்டைக்கு 25 கிராம், அஃதாவது 0.05 விழுக்காடு, கலந்தால் இறுகல் ஏறத்தாழ 4 மணி நேரம் தள்ளிப் போகும். 100 கிராமைத் தாண்டினால் கலவை இறுகுவதையே மறந்துவிடும். சருக்கரையின் மூலக்கூறு, அப்போதுதான் முளைக்கும் நீரேற்ற விளைவுகளின் கருக்களை மூடிக்கொள்கிறது. கரு வளராதபோது வினை நகர்வதில்லை. கலவை சுமந்து செல்லும் உருளை வண்டி வழியில் பழுதாகி நின்றால், உள்ளே கல்லாகிவிடாதிருக்கச் சருக்கரை மூட்டையை அதனுள் கொட்டுவது உலகெங்கும் அறியப்பட்ட முதலுதவி.

இவ்விடத்தில் நம் முன்னோரின் காரையை நினையாமல் இருத்தல் ஒல்லாது. செட்டிநாட்டு மாளிகைகளின் மேற்பூச்சிலும், தமிழகத்துப் பழைய கட்டிடங்கள் பலவற்றின் சுண்ணாம்புக் காரையிலும், கடுக்காயும் வெல்லமும் ஊறிய நீரே கலக்கப்பட்டது. பைஞ்சுதைக்கு நஞ்சான வெல்லம் சுண்ணாம்புக்கு அமுதாவதன் மெய்ம்மையும் எல்லைப்பரப்பின் வேதிமையிலேயே அடங்கியுள்ளது. சுண்ணாம்பு இறுகுவது நீரேற்றத்தால் அன்று. காற்றிலுள்ள கரியமில வளியை மெல்ல உறிஞ்சி மீண்டும் கல்லாவதால். சுண்ணாம்பு நீரகம் தூய நீரில் லிட்டருக்கு 2 கிராமுக்கும் குறைவாகவே கரையும். இனிப்பு நீரிலோ பன்மடங்கு கரைந்து, பூச்சின் உள்ளிடை எங்கும் பரவி, அங்கங்கே படிகமுற்றுத் துளைகளை அடைக்கும். வளி புகுந்து வினை முடியத் திங்கள்கள் பல ஆகும் காரைக்குச் சில மணி நேரச் சுணக்கம் ஒரு பொருட்டன்று. பழைய காரையைச் செப்பனிடுவோர் சிலர் அதே வெல்ல நீரைப் பைஞ்சுதைச் சாந்திலும் கலக்கின்றனர். அது மரபைப் போற்றுதல் ஆகாது. மரபு எப்பொருளுக்கு அதை வகுத்ததோ அப்பொருளை விட்டு வேறொன்றிற்கு ஏற்றுதலே ஆகும்.

முடுக்கிகளுள் தொன்மையானதும் மலிவானதும் கால்சியம் குளோரைடு. 2 விழுக்காட்டுக்கு மேற்படாமல் இட்டாலே உறக்க நிலை சுருங்கி, முதல்நாள் வலிமை பெருகும். குளிர்நாடுகள் இதைப் பல பத்தாண்டுகள் போற்றின. முதல் எல்லையில் இது செய்த தொழில் குறையற்றது. ஆனால் கம்பி பதித்த கட்டிடத்தில் ஐந்தாவதாக ஓர் எல்லை உண்டு: இரும்பும் சாந்தும் தொடும் எல்லை. பைஞ்சுதையின் மிகுந்த காரத்தன்மையால் அவ்வெல்லையில் இரும்பின்மேல் ஒரு நுண்படலம் உருவாகி அதைத் துருவினின்று காக்கிறது. குளோரைடு அயனி அப்படலத்தைத் துளைக்கிறது; துரு பெருகிப் பருத்துப் பூச்சைப் பிளக்கிறது. பிரித்தானியா 1977-இல் கம்பி பதித்த கற்காரையில் இதைத் தடுத்தது. இந்தியச் செந்தரம் 456, அத்தகைய கற்காரையில் குளோரைடு கன மீட்டருக்கு 0.6 கிலோவைக் கடக்கலாகாது என்று வரம்பிடுகிறது. உப்புக்காற்று ஓயாது வீசும் நம் கடற்கரை ஊர்களில், விரைவில் காயும் என்று சொல்லித் தரப்படும் பெயரில்லாப் பொடிகளை வாங்குவோர், அதிற் குளோரைடு உண்டா என்று ஒரு முறை கேட்பது நன்று. கால்சியம் நைட்ரேட்டும் கால்சியம் பார்மேட்டும் குளோரைடு இன்றியே முடுக்குவன. சுரங்கச் சுவரில் பீய்ச்சியடிக்கும் சாந்துக்கு அலுமினியம் சார்ந்த முடுக்கிகள் உள்ளன. அவை சில நிமிடங்களில் இறுகச் செய்யும்.

இரண்டாம் எல்லையாகிய நீர்–காற்று எல்லையைக் கைக்கொள்வது காற்றேற்றி. சவர்க்காரத்தைப் போன்றே இதன் மூலக்கூற்றுக்கு நீரை நாடும் முனையும் நீரை வெறுக்கும் முனையும் உண்டு. கலக்கும்போது எழும் குமிழிகளை அது சூழ்ந்து, ஒன்றோடொன்று சேர்ந்து பெருக்காமல் தனித்தனி நுண்குமிழிகளாக நிறுத்துகிறது. 1930களில் நியூயார்க்கு மாநிலத்துச் சாலைகளில், சில பகுதிகள் பனியால் உரிந்து போகாமல் நிலைத்ததைக் கண்டு ஆராய்ந்தபோது, அவற்றின் பைஞ்சுதையை அரைக்கையில் கொழுப்புப்பொருள் கலந்திருந்தமை தெரிந்தது. அதன் விளைவே அந்நுண்குமிழிகள். நீர் பனியாகும்போது 9 விழுக்காடு பருக்கும். பருக்கும் நீர் ஒதுங்க அருகிலேயே ஒரு குமிழி இருந்தால் சுவர் பிளவாது. பனியறியாத நம் சமவெளிக்கு இப்பயன் இல்லை. ஆனால் மணல் மிகுந்து சுண்ணாம்பு அற்ற கட்டுச் சாந்து கரண்டியில் முரண்டாமல் விரிவதற்கு அக்குமிழிகள் உதவுகின்றன. ஒவ்வொரு விழுக்காடு காற்றுக்கும் அமுக்க வலிமையில் ஏறத்தாழ 5 விழுக்காடு இழக்க நேரும் என்பதை மட்டும் கணக்கில் வைத்தல் வேண்டும்.

மூன்றாம் எல்லை இறுகிய சாந்தின் துளைகளுக்குள் இருக்கிறது; நம் மக்கள் மிகுதியாகப் பணம் செலவிடுவதும் இதற்காகவே. நுண்புழையில் நீர் ஏறும் உயரம் அதன் ஆரத்துக்கு எதிர்த்தகவில் அமையும்: ஒரு மைக்ரான் ஆரமுடைய புழையில், கோட்பாட்டளவில், நீர் ஏறத்தாழ 15 மீட்டர் ஏறவல்லது. சுவரின் அடியில் தொடங்கிய ஈரம் இடுப்பளவு ஏறி நிற்பது நமக்கு வியப்பளிக்கலாம். புழையின் கணக்குப்படி அது அடக்கமே. கால்சியம் சிட்டியரேட்டு முதலிய நீர்விலக்கிகள் துளைச்சுவர்களில் நீரை வெறுக்கும் படலமாகப் படிகின்றன. அதனால் நீர்மப்பரப்பு உள்நோக்கி இழுக்கப்படாமல் வெளிநோக்கித் தள்ளப்படுகிறது. முன்பு ஏற்றிய அதே விசை இப்போது தடுக்கிறது.

ஆனால் அத்தடைக்கும் அளவுண்டு. அவ்வளவும் ஆரத்துக்கு எதிர்த்தகவிலேயே அமையும். ஒரு மைக்ரான் புழையைக் காக்கும் நீர்விலக்கி, அரைக்கால் மில்லிமீட்டருக்கும் குறுகிய, 0.1 மில்லிமீட்டர் விரிசலின் முன் ஏறத்தாழ வலுவிழந்துவிடுகிறது. அதன்மேல் ஒரு சாண் நீர் தேங்கினாலே உள்ளே இறங்கிவிடும். மழை வழிந்தோடும் வெளிச்சுவர்ப் பூச்சுக்கு நீர்விலக்கி போதும். நீர் தேங்கும் மாடித்தளத்துக்கும் தொட்டிக்கும் அது மட்டும் போதாது. அங்கு வேண்டுவது நீரைக் குறைத்து இட்ட அடர்ந்த சாந்தும், விரிசல் காணாத நெடுநீராற்றலும். மூட்டைக்கு 200 மில்லி என்று அளந்து ஊற்றப்படும் நீர்த்தடை மருந்தைத் தொடர்ந்து இரண்டு குவளை மிகைநீரும் ஊற்றப்படுவதை வேலை நடக்கும் இடந்தோறும் காணலாம். மருந்து மூட முயலும் துளைகளை நீர் திறந்துகொண்டே போகிறது.

சுருக்கங்குறைப்பியும் இவ்வெல்லைக்குரியதே. துளைநீர் வற்றும்போது எஞ்சிய நீரின் பரப்பு இழுவிசை துளைச்சுவர்களை உள்ளிழுக்கிறது. சாந்து சுருங்கி வெடிக்கிறது. 1980களில் சப்பானில் வந்த கிளைக்கால் ஈதர்கள் அவ்விழுவிசையையே ஏறத்தாழப் பாதியாக்குகின்றன.

நான்காம் எல்லை சாந்துக்கும் செங்கல்லுக்கும் இடைப்பட்டது. இந்தியச் செந்தரம் 1077, வழக்கமான செங்கல் தன் எடையில் 20 விழுக்காடு வரை நீர் உறிஞ்சலாம் என்று இடந்தருகிறது. ஊறவைக்காத கல்லின்மேல் இட்ட மெல்லிய சாந்து, தன் நீரைக் கல்லுக்குப் பறிகொடுத்து, நீரேற்றம் முடியுமுன்னே வெறும் பொடியாகக் காய்ந்துவிடும். தட்டினால் பூச்சு வெற்றொலி எழுப்புவதன் மூலம் இதுவே. கல்லை நனைத்து வைப்பது நம் கொத்தனார்கள் அறிந்த தீர்வு. ஓடு பதிக்கும் வேலையில், இரண்டு மூன்று மில்லிமீட்டர் தடிப்பே உள்ள படலத்தில், அத்தீர்வு செல்லாது. அங்கு மரத்தினின்றோ பருத்தியினின்றோ எடுத்த செல்லுலோசின் ஈதர்கள் துணை வருகின்றன. உலர்கலவையில் அரை விழுக்காட்டுக்குள் இட்டாலே, அவற்றின் நெடுந்தொடர்கள் நீரைப் பற்றித் தடிக்கச் செய்து, ஓடும் கல்லும் உறிஞ்சாமல் காக்கின்றன; செங்குத்துச் சுவரில் பதித்த ஓடு தன் எடையாற் கீழிறங்காமல் நிற்பதும் அத்தடிப்பினாலே.

அதே கலவையில் பல்லுறுப்பியும் இருக்கும். மரப்பாலைப் பைஞ்சுதையோடு கலக்கும் எண்ணத்துக்குக் கிரெசன் என்பார் 1923-இலும், லெபியூர் என்பார் 1924-இலும் காப்புரிமை பெற்றனர். 1950களில் செருமனியில், பால்மத்தைத் தூவி உலர்த்திப் பொடியாக்கி, நீர் பட்டவுடன் மீண்டும் பால்மமாகும்படி செய்யக் கற்றனர்; மூட்டையில் வரும் ஓட்டுப்பசைகள் அதனால் இயன்றவை. நீர் வற்ற வற்ற அதன் துளிகள் நெருங்கி ஒன்றுகூடிப் படலமாகின்றன; நீரேறிய கூழின் வலைப்பின்னலூடே இப்படலம் இழையோடுவதால், அமுக்க வலிமை பெரிதும் கூடாவிடினும், வளை வலிமையும் ஒட்டு வலிமையும் உயர்கின்றன. வெயிலில் ஓடும் சுவரும் வெவ்வேறளவில் விரியும்போது இழுபட்டு இடந்தரும் தன்மையும் வந்தடைகிறது. பழுதுபார்க்கும் சாந்துகளில் பால்மம் 10 விழுக்காட்டுக்கு மேலும் இடப்படுவதால், தொடக்கத்திற் கூறிய 5 விழுக்காட்டு வரம்புக்கு இது புறனடை.

இவையெல்லாம் கோட்பாடு, ஒரு குறிப்பிட்ட மருந்து ஒரு குறிப்பிட்ட பைஞ்சுதையோடு இணங்குமா என்பதை ஆய்வே சொல்லும். அலுமினேட்டின் அளவும் சல்பேட்டின் கரைவிரைவும் ஆலைக்கு ஆலை மாறுவதால், ஓரிடத்தில் இரண்டு மணி நேரம் குழைந்திருந்த கலவை வேறோரிடத்தில் கால்மணியில் விறைத்துவிடக்கூடும். நாப்தலீன் வகையை நீரோடு ஒருசேர ஊற்றுவதினும் ஓரிரு நிமிடம் கழித்து ஊற்றினால் பயன் மிகுவதையும் இதனால் விளக்கலாம்: முந்தி ஊற்றினால் பெரும்பகுதியை அலுமினேட்டு பற்றிக்கொள்ளும், பிந்தி ஊற்றினால் சிலிக்கேட்டுக்கும் பங்கு கிடைக்கும்.

ஆய்வு எளியது, நாடெங்கும் அதற்கு வேண்டும் செந்தர மணல் தமிழகத்து எண்ணூரிலிருந்தே செல்கிறது. இந்தியச் செந்தரம் 650 அவ்வூரைப் பெயர் சுட்டியே குறிக்கிறது: வெளிறிய சாம்பல் நிறத்துப் படிகக்கல் மணல், மூன்று பருமன்களாகச் சலித்துச் சமபங்கு சேர்த்தது. 200 கிராம் பைஞ்சுதைக்கு அம்மணல் 600 கிராம் சேர்த்து, பக்கம் 70.6 மில்லிமீட்டர் உள்ள கட்டிகளாக வார்த்து, 3, 7, 28 ஆம் நாட்களில் நசுக்கிப் பார்ப்பர். இறுகும் நேரத்துக்கு விக்கட் ஊசி. குழைவுக்குப் பாய்வு மேசை: கூம்புக் குப்பியால் நடுவில் வைத்த சாந்தை, 15 நொடியில் 25 முறை தூக்கித் தட்டி, விரிந்த வட்டத்தின் விட்டத்தை அளப்பது. குழைவூக்கி கலந்த சாந்து முதல் நாலைந்து தட்டிலேயே விளிம்பு தளர்ந்து படர்வதை அங்குக் கண்ணாற் காணலாம்.

மருந்தில்லாத ஒப்புக்கலவை ஒன்றும் மருந்திட்ட கலவை ஒன்றும் அருகருகே வைத்து நோக்குவதே இந்தியச் செந்தரம் 9103-இன் முறை. ஒரே குழைவுக்கு, ஒப்புக்கலவை கேட்கும் நீரில் 95 விழுக்காட்டுக்குள் நின்றால் அது நீர்க்குறைப்பி. 80 விழுக்காட்டுக்குள் நின்றால் மீக்குழைவூக்கி. வீடு கட்டுவோர் மூன்றாவதாகத் தாம் இறக்கிய எம்-சாண்டையும் தாம் வாங்கிய மூட்டையையும் கொண்டு ஒரு கலவை வார்த்துவைக்கலாம். எண்ணூர் மணலில் தேறிய அளவு அம்மணலில் எவ்வளவு கூடவோ குறையவோ வேண்டும் என்பது, அந்த மூன்றாம் கலவையின் கட்டிகள் 28ஆம் நாள் நசுங்கும்போது தெரிந்துவிடும்.